வட்டம் வட்டமாகத் தெரிய வேண்டும்

2009 டிசம்பரில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இந்தியாவின் முதல் சைபை (அறிவியல் பைத்தான்) மாநாடு நடந்தது. பைத்தான் நிரல்மொழியில் கணக்குப் போடுகிறவர்களுக்கு நம்பை என்ற நூலகம் இல்லாமல் பொழுது விடியாது. அதை உருவாக்கிய டிராவிஸ் ஒலிஃபண்ட் அங்கே வந்திருந்தார். ஏற்பாட்டில் முன்னின்ற ஐஐடி மும்பை பேராசிரியர் பிரபு ராமச்சந்திரன், சென்னை ஐஐடியில் ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்திலேயே மாயாவி என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளைத் தொடங்கியவர். அதன் முதல் பதிப்பின் விண்டோக்கள், பைத்தானோடு வரும் விண்டோ கட்டும் கருவித்தொகுப்பான டிகின்டரில் கட்டப்பட்டவை. தரவிலிருந்து பிறக்கும் படத்தையும் அதை ஆட்டிவைக்கும் பட்டன்களையும் ஒரே விண்டோவுக்குள் குடிவைக்கத் தெரிந்தவர்கள் அன்று இந்த ஊரில் கூடியிருந்தார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கிராஃப் வரைவதுதான் கடினம் என்று நினைப்பார்கள். வரைவதற்கு இரண்டு மூன்று வரி போதும். கை நோவது விண்டோவுக்குள் படத்துக்கும் பட்டன்களுக்கும் இடம் ஒதுக்குவதில்தான்.

பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப் பிறந்த கதையிலேயே, படத்தை விண்டோவுக்குள் பொருத்தும் இந்தத் தேவை இருக்கிறது. நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்க்க ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். அச்சுத் தரத்தில் படம் வேண்டும். அதே படம் தன் சொந்த விண்டோவுக்குள்ளும் பொருந்த வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காததால் தானே எழுதத் தொடங்கி 2003-இல் வெளியிட்டார். 2012-இல், 44 வயதில் அவர் மறைந்தார். டிகின்டருக்கு ஒன்று, அதைப் போன்ற கருவித்தொகுப்புகளான கியூடிக்கு ஒன்று, ஜிடிகேவுக்கு ஒன்று என அவருடைய நூலகத்தில் தனித்தனிக் கேன்வாஸ்கள், அதாவது படம் வரையும் பரப்புகள், இன்றும் இருக்கின்றன. ஒரே படம், எந்த விண்டோவிலும் போய் உட்காரும்.

படத்தையும் கட்டுப்பாடுகளையும் ஒரே விண்டோவில் பொருத்தும் இந்தத் தொழிலின் நல்ல இந்திய உதாரணம் எக்ஸ்பைஸ். புது டில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் 2004-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் திட்டத்தில், பி.பி. அஜித்குமார் போன்றோரின் உழைப்பில் வளர்ந்த சிறு கருவி அது. யூஎஸ்பியில் செருகினால் கணினியே அலைவுகாட்டியாகிவிடும். எக்ஸ்பைஸ்-17-இல் ஏ1, ஏ2 என்ற இரண்டு உள்ளீடுகள் 16 வோல்ட் வரை, நேர், எதிர் இரு பக்கமும் அளக்கும். அதன் மென்பொருள், கியூடியைப் பைத்தானில் பயன்படுத்தும் பைகியூடியிலும், அதன் மேல் வரைபடம் போடும் பைகியூடிகிராஃபிலும் எழுதப்பட்டது. இடப்பக்கம் அலை ஓடும் கட்டம், வலப்பக்கம் ஸ்லைடர்களும் டிக் பெட்டிகளும். பள்ளி லேப்டாப்பின் திரை அகலத்தில் தாராளம், உயரத்தில் கஞ்சம். 768 புள்ளி உயரத்தில் மேலே தலைப்புப் பட்டையும் கீழே டாஸ்க்பாரும் போக மிஞ்சுவதைப் பட்டன் வரிசைக்கும் கொடுத்தால் அலைக்கு என்ன மிஞ்சும்? கட்டுப்பாடுகளைப் பக்கவாட்டில் தள்ளியது சரியான முடிவு.

பக்கவாட்டில் வைத்துவிட்டால் மட்டும் போதாது. இயற்பியல் வகுப்பில் எல்லோரும் பார்க்கும் லிசாஜு வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரே அதிர்வெண்ணும் சம வீச்சும் 90 பாகை கட்ட வேறுபாடும் உள்ள இரண்டு சைன் அலைகளில் ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றதை நிலை அச்சிலும் கொடுத்தால் வட்டம் வர வேண்டும். மாணவி விண்டோவின் ஓரத்தைப் பிடித்து அகலமாக இழுக்கிறாள். கட்டமும் கூடவே விரிகிறது. வட்டம் படுத்த நீள்வட்டமாகிறது. அச்சில் உள்ள எண்கள் இன்னும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஆனால் கண் எண்ணைப் படிப்பதற்கு முன்பே வடிவத்தை நம்பிவிடும். கிடை அச்சுக்குக் கொடுத்த மின்னழுத்தம் அதிகம் என்று அவள் குறிப்பேட்டில் எழுதினால், அந்தத் தவறு அவளுடையதாகாது. பைகியூடிகிராஃபில் அச்சு விகிதத்தைப் பூட்ட ஒரு வரி இருக்கிறது, மேட்பிளாட்லிப்பிலும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் விண்டோ எப்படி நீண்டாலும் வட்டம் வட்டமாகவே நிற்கும், ஓரங்களில் வெற்றிடம் மட்டும் கூடும். சைன் அலையை நேரத்துக்கு எதிராக வரையும்போது இந்தப் பூட்டு கூடாது. அங்கே வோல்ட்டுக்கும் மில்லிவினாடிக்கும் சம அளவு கேட்பதில் அர்த்தமே இல்லை. எந்தப் படத்தைப் பூட்டுவது, எதை விடுவது என்பதை நிரலாளர் இயற்பியல் தெரிந்துதான் முடிவு செய்ய முடியும்.

டிகின்டரில் இடம் ஒதுக்க பேக், கிரிட், பிளேஸ் என மூன்று வழிகள். புதியவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்: கிரிட்டில் வரிசைக்கும் நெடுவரிசைக்கும் எடை கொடுக்காவிட்டால் அது பூஜ்யம். விண்டோ பெரிதாகும், படம் மூலையிலேயே முடங்கிக் கிடக்கும். படம் இருக்கும் நெடுவரிசைக்கு எடை 1, பட்டன் நெடுவரிசைக்குப் பூஜ்யம் என்று வைத்தால் கூடுகிற அகலமெல்லாம் படத்தின் நெடுவரிசைக்கே போகும். இரண்டாவது தடுக்கல் இன்னும் நுட்பமானது. மேட்பிளாட்லிப்பின் கருவிப்பட்டை, யாரும் சொல்லாமலே தன்னைத்தானே பேக் செய்துகொள்ளும். அதே சட்டத்தில் (ஃபிரேமில்) மற்றவற்றை கிரிட்டால் அடுக்கியிருந்தால் இரண்டும் முட்டிக்கொண்டு நிரல் பிழை சொல்லி நிற்கும். கருவிப்பட்டைக்குத் தனியாக ஒரு சட்டம் கொடுப்பதுதான் சுத்தமான தீர்வு.

பலருக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. இங்கே இடம் ஒதுக்குவது ஒருவரல்ல, இருவர். வெளியே டிகின்டரோ கியூடியோ, கேன்வாஸுக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிறது. கேன்வாஸுக்குள் அச்சு எங்கே, ஓரம் எவ்வளவு என்பதை மேட்பிளாட்லிப் தீர்மானிக்கிறது. வழக்கமான இட ஓரம் படத்தின் அகலத்தில் 12.5 சதவீதம். எழுத்தின் அளவோ சதவீதம் அல்ல. 10 பாயின்ட் என்றால் எப்போதும் 10 பாயின்ட். விண்டோ சுருங்கும்போது ஓரம் சுருங்கும், எழுத்து சுருங்காது. விளைவு, நிலை அச்சின் பெயர் பாதி வெட்டுப்படும். அலகு தெரியாத கிராஃப்பை ஆய்வறிக்கையில் எப்படி ஒட்டுவது? மேட்பிளாட்லிப்பின் கன்ஸ்ட்ரெயின்டு லேஅவுட் என்ற வசதியைப் போட்டால், அது எழுத்தின் உண்மையான அளவைப் பார்த்து ஓரத்தைத் திருத்திக்கொள்ளும். ஆனால் நொடிக்குப் பல முறை புதுப்பிக்கும் ஓடும் அலையில் இந்தக் கணக்கை ஒவ்வொரு தடவையும் செய்ய விட்டால் படம் திணறும். ஆகவே அங்கே அச்சுகளை அழித்து மறுபடி வரையாமல், ஏற்கெனவே உள்ள கோட்டுக்குப் புதுத் தரவை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். ஓரத்தை விண்டோவின் அளவு மாறும்போது மட்டும் சரிசெய்வார்கள்.

கேரளத்தில் இன்னொரு சோதனை காத்திருக்கிறது. பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும், திருவனந்தபுரம் பூஜப்புரையில் தலைமையகம் கொண்ட அரசு நிறுவனம் கைட், அதன் முன்னோடியான ஐடி அட் ஸ்கூல் ஆகியவற்றின் முயற்சியால் அரசுப் பள்ளிகள் லினக்ஸில் ஓடுகின்றன. பிள்ளைகளுக்கு மலையாளத் திரை இயல்பு. எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளில் தமிழ். ஆங்கிலத்தில் இரண்டெழுத்தில் முடியும் பட்டன், இந்த மொழிகளில் நீளும். கூட்டெழுத்துகள் மேலும் கீழும் இடம் கேட்கும். அகலத்தையும் உயரத்தையும் புள்ளிக் கணக்கில் ஆணியடித்து எழுதிய விண்டோவில் எழுத்தின் கால் வெட்டுப்படும், இல்லையென்றால் கட்டுப்பாட்டுப் பகுதி வீங்கிப் படத்தை நெருக்கும். லேஅவுட்டிடம் விட்டுவிட்டால் பட்டன் தன் எழுத்துக்கேற்ப வளரும். கட்டுப்பாட்டுப் பகுதிக்கு அகலத்தில் ஓர் உச்சவரம்பு போட்டு, மீறுவதை ஸ்க்ரோல் பகுதிக்குள் அடக்கலாம். படத்தை மட்டும் ஸ்க்ரோலுக்குள் தள்ளக்கூடாது: ஸ்லைடரை இழுக்கும்போது அலை மாறுவதைக் கண் அதே கணத்தில் பார்த்தாக வேண்டும். இதையெல்லாம் பெரிய மானிட்டரில் ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு முடிந்தது என்று சொல்ல முடியாது. 768 புள்ளி உயரத் திரையில், மலையாளத்துக்கு மாற்றி, மூலையைப் பிடித்து நாலு பக்கமும் இழுத்துப் பார்த்த பிறகே அந்த விண்டோவைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.