திருச்சி, விமான வாசலிலிருந்து

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். மலிவுக் கட்டண விமானப் பணிப்பெண்ணாகப் பலமுறை போயிருக்கிறேன். ஊருக்குள் கால் வைத்ததில்லை. பயணிகள் இறங்கியதும் குப்பை அள்ளி, சீட் பெல்ட்டுகளை ஒழுங்குபடுத்தி, அடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு உடனே திரும்ப வேண்டும்.

என் பாட்டி லால்குடிக்காரர். 'ரஜூலா' கப்பலில் பினாங்கு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. ஸ்ரீரங்கத்தில் அவர் பார்த்த மொட்டைக் கோபுரம், 1987இல் 236 அடி ராஜகோபுரமாக எழுந்துவிட்டது. அதைக் கதவுச் சன்னல் வழியே நான் பார்க்கிறேன்.

சென்ற வாரம் இறங்கிய மூதாட்டி ஒருவர், "நீ இறங்கலையாம்மா?" என்றார்.

"டியூட்டி, பாட்டி."

அன்றிரவே விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் நானும் இறங்குவேன். லால்குடி பஸ் ஏறுவேன்.