தங்கவயலும் தாயகக் கவலையும்

தாயகத்தை விட்டு அகன்று வாழும் நம்மனோர்க்கு, வாழும் ஊரின் செய்திகளினும் பிறந்த மண்ணின் செய்திகள்மீதே கண் முந்திச் செல்லுதல் இயல்பு. அங்கே ஓர் அமைச்சரவை ஆட்டங்கண்டால் இங்கே நம் உறக்கம் கெடுகின்றது. அங்கே ஆற்று நீருக்கோ மொழிக்கோ பூசல் மூண்டால், இங்கே நம் வீட்டில் இலை போட்டு அமர்ந்ததும் அதுவே பேச்சாகின்றது. “நாம் இங்கிருந்து கவலைப்படுவதால் அங்கே என்ன மாறிவிடப் போகிறது, அப்பா?” என்று நம் பிள்ளைகள் வினவுகின்றனர். எளிதில் தள்ளிவிடத்தக்க வினா அன்று அது. அதற்கு விடை தேடுவோர் ஒருமுறை கோலார் தங்கவயலுக்குச் சென்று வருதல் நலம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தாயகக் கவலையோடு அயல் மாநிலத்தில் வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் அங்கு உள்ளன.

அண்மையில் யாம் அவ்வூருக்குச் சென்றிருந்தோம். பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு. பங்காரப்பேட்டைச் சந்திப்பில் பெரிய இருப்புப்பாதையை விட்டுப் பிரியும் கிளைப்பாதை, 1894ஆம் ஆண்டு சுரங்கங்களின் பொருட்டு அமைக்கப்பெற்றது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, மாரிக்குப்பத்தில் பாதை முடிவடைகின்றது. வழியெங்கும் சாம்பல் நிறக் குன்றுகள் தென்படுகின்றன. பொன்னைப் பிரித்தெடுத்த பின்னர்க் கொட்டப்பட்ட கழிவு மண்ணே குன்றுகளாய்க் குவிந்து கிடக்கின்றது. காற்று பலமாக வீசும் நாட்களில் சயனைட் கலந்த அம்மண் எழுந்து பறக்கின்றது. அதன் அருகிலேயே தொழிலாளர் குடும்பங்களின் லைன் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கடைகளின் பெயர்ப்பலகையில் கன்னடம். உள்ளே நடக்கும் பேச்சில் பெரும்பகுதி தமிழ். இடையிடையே தெலுங்கும் உருதும் செவியில் விழுகின்றன.

இம்மக்கள் இங்கு வந்த வரலாறு நாம் அறியத்தக்கது. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் இங்கே சுரங்கப் பணியை மேற்கொண்டது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின் வடு ஆறாத காலம் அது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கூலி வேலைக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் மிகப் பலர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான வகுப்பினர். ஊர்க் கிணற்றில் நீர் எடுக்கவும் உரிமை தராத மண்ணையே அவர்கள் விட்டு வந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. பாறை வெடித்து மாண்டோரும், கல் தூசியால் நெஞ்சு நோயுற்றோரும் பலர். 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் இம்மண்ணிலிருந்து வெளிவந்தது.

தமக்கு ஒரு நன்மையும் செய்யாத தாயகத்தை அவர்கள் மறந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க இயலாது. ஆயினும் அவர்கள் மறக்கவில்லை. 1898ஆம் ஆண்டு அயோத்திதாச பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளை மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. 1907ஆம் ஆண்டு பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. அவ்விதழை விரும்பி வாங்கிப் படித்தோருள்ளும், பொருளுதவி புரிந்தோருள்ளும் தங்கவயல் தொழிலாளர்க்குச் சிறப்பிடம் உண்டு. 1914இல் பண்டிதர் மறைந்தார். சிறிது காலத்தில் இதழும் நின்றது. 1926ஆம் ஆண்டு கோ. அப்பாதுரையார் அதனைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தத் தொடங்கினார். பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்துத் தமிழகம் எங்கும் பரப்பிய பணியிலும் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைக்குப் பெரும்பங்கு உண்டு. பகலெல்லாம் பாறையைக் குடைந்தவர்கள், தம் கூலியில் ஒரு பகுதியைத் தாயகம் திருந்துவதற்கென்று ஒதுக்கினர்.

தாயகத்தை நோக்கிய கண், வாழும் ஊரைக் காணாமலும் இருந்துவிடவில்லை. 1930ஆம் ஆண்டு தொழிலாளரிடம் விரல்ரேகை எடுக்க முற்பட்டபோது, தம்மைக் குற்றவாளிகளைப் போல் நடத்துவதாகக் கருதி அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1946ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், காவல்படையினரின் தாக்குதலில் தொழிலாளர் அறுவர் உயிரிழந்தனர். அவ்வறுவரைத் தங்கவயல் இன்னும் மறக்கவில்லை.

இனி, காவிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி வழியே தங்கவயலுக்குக் கொண்டுவந்தனர். 1911ஆம் ஆண்டு பணி தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணையின் நோக்கங்களுள், இச்சுரங்கங்களுக்கு ஆண்டு முழுவதும் மின்சாரம் தடையின்றிக் கிடைக்கச் செய்தலும் ஒன்று. அவ்வணையை ஒட்டி எழுந்ததே மைசூருக்கும் சென்னைக்கும் 1924இல் ஏற்பட்ட உடன்படிக்கை. தமிழ்த் தொழிலாளர் இறங்கிய சுரங்கத்துக்கு ஒளி தந்த காவிரியே, பின்னாளில் அவர்கள் வீட்டுக் கவலையாகவும் வந்து நின்றது. 1991ஆம் ஆண்டு சூன் திங்களில் காவிரி நடுவர் மன்றம், கர்நாடகம் ஆண்டுதோறும் 205 டி.எம்.சி. நீர் விட வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அவ்வாண்டு திசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் பிற இடங்களிலும் கலவரம் மூண்டது. தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, பலர் உயிரிழந்தனர், பல்லாயிரவர் தமிழகத்துக்கு ஓடினர். 2016ஆம் ஆண்டு செப்டம்பரிலும் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன.

உரிகத்தில் முதிய சுரங்கத் தொழிலாளர் ஒருவர் எம்மிடம் கூறியதை இங்கே எழுதுதல் தகும். “தண்ணீர் வழக்கில் எந்தப் பக்கம் நியாயம் என்று நீங்கள் பேசுவீர்கள், ஐயா. எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒரே பேச்சுத்தான். மகன் இராத்திரி வண்டியில் வந்து இறங்கினானா என்பதே அது” என்றார் அவர். தாயகத்திலும் தலைநகரிலும் மேடைகளில் உதிர்க்கப்படும் சொற்கள், எல்லைக்கு இப்பால் யார் வீட்டுக் கதவில் சென்று மோதுகின்றன என்பதை அவர் ஒருவரே எமக்கு உணர்த்தினார்.

இலங்கை மலைநாட்டுத் தமிழர் கண்டது இதனினும் கொடிது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் நிலையைப் பற்றிப் பேசியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் நிலை பின்னர் என்று இரு நாட்டு அரசுகளும் எண்ணிக்கையால் பிரித்தன. தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. தாயகத்து அரசியல் தமக்கு வேண்டா என்று ஒதுங்கியிருப்போரையும் அது தேடி வரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தங்கவயலுக்கு மீள்வோம். 1989இலும் 1999இலும் இத்தொகுதி மக்கள் அ.இ.அ.தி.மு.க. வேட்பாளரைக் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். 1994இலும் 2004இலும் இந்தியக் குடியரசுக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தனர். தாயகத்துக் கொடியின்மீது அவர்கள் கொண்ட பற்று போற்றத்தக்கதே. ஆயினும் சென்னையில் பெருங்கட்சியாக விளங்கியது, பெங்களூர் அவையில் ஒற்றைக் குரலாக நின்றது. சுரங்கமோ 1956இல் மாநில அரசின் உடைமையாகி, 1962இல் நடுவண் அரசின் கைக்கு மாறி, 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாக இயங்கியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அது மூடப்பட்டபோது, அதைத் தடுத்து நிறுத்தும் வலிமை சென்னைக்கும் இருக்கவில்லை, பெங்களூருக்கும் இருக்கவில்லை. இன்று அம்மக்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் விடியுமுன் எழுந்து, புகைவண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். தமிழ் வழிப் பள்ளிகளோ முன்போல் நிறைந்திருக்கவில்லை.

இவற்றையெல்லாம் கண்டு திரும்பிய யாம் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குக் கூற விரும்புவது இது. தாயகத்தைப் பற்றிய கவலை குற்றமன்று. அதை விட்டுவிடவும் நம்மால் இயலாது. ஆனால் அது உணவு வேளைப் பேச்சோடு நின்றுவிடின் வெறும் புகைச்சலாய் முடியும். தங்கவயலார் அதனை ஓர் இதழாக்கினர், ஒரு பதிப்பகமாக்கினர். அவ்வெழுத்துகளைத் தமிழகம் இன்றும் படிக்கின்றது. கலவரக் காலத்தில் கைக்கு வரும் செய்தியை, மெய்யெனத் தெளியாமல் பிறருக்கு அனுப்புதல், வேறோர் ஊரில் நம்மவர் வீட்டுக்குத் தீ வைத்தலாகவும் முடியும். அண்டை வீட்டாரிடம் நம் ஆற்றின் வழக்கை அவர்தம் மொழியிலேயே எடுத்துரைக்கும் பயிற்சி நமக்கு வேண்டும். அவர்தம் வயலின் வறட்சியைச் செவிகொடுத்துக் கேட்கும் பொறுமையும் வேண்டும். வாழும் ஊரின் மன்றத்திலும் பள்ளியிலும் தொழிற்சங்கத்திலும் நம் இடத்தை நாம் காலியாக விடலாகாது. அங்கு எடுக்கும் முடிவே நாளை நம் பிள்ளைகளின் பிழைப்பைத் தீர்மானிக்கும்.

விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என எண்ணும் பெற்றோர், மாரிக்குப்பம் வரை ஒரு சீட்டு வாங்குவார்களாக. அம்மண்மேடுகளைக் காட்டி, கூலிக்கு வந்தவர்கள் அங்கே தமிழில் ஓர் இதழ் நடத்திய வரலாற்றைக் கூறுவார்களாக. பிள்ளைகள் கேட்கும் வினாவுக்கு அதனினும் நல்ல விடை எமக்குத் தோன்றவில்லை.