மெஷினுக்கு ஆறுதல் கத்துக்குடுக்கறவங்க!

உங்க காலேஜ் நோட்டீஸ் போர்டுல ‘டேட்டா அனோட்டேட்டர் தேவை’ன்னு ஒரு பேப்பர் ஒட்டியிருக்கா? எந்த டிகிரியா இருந்தாலும் ஓகே, கம்ப்யூட்டர் தெரிஞ்சா போதும், சொந்த ஊர்லயே வேலைன்னு போட்டிருக்குமே... அதேதான்! ஓடிப்போய் பயோடேட்டா குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் இப்படி உக்காருங்க பாஸ்.

ஏ.ஐ., ஏ.ஐ.ன்னு ஊரே பேசுதே... அது இன்டர்நெட்டைப் படிச்சு பாதியைக் கத்துக்குது. மீதியை மனுஷங்க உக்காந்து சொல்லிக்குடுக்கணும். ‘இது லாரி, இது மாடு’ன்னு போட்டோவுல கட்டம் போட்டுக் காட்டணும். ‘இந்தப் பதில் நல்லாருக்கு, அது மோசம்’னு மார்க் போடணும். ‘இது மிரட்டல், இது ஆபாசம்’னு சீட்டு ஒட்டணும். இதெல்லாம் பெரிய சிட்டியில மட்டும் நடக்கற வேலை இல்லை. 2008-ல் தொடங்கின நெக்ஸ்ட்வெல்த் மாதிரி கம்பெனிகள், சின்ன ஊர் பட்டதாரிகளுக்கு அவங்க ஊர்ப்பக்கமே கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லி நம்ம மல்லசமுத்திரத்துலயும் சேலத்துலயும்கூட சென்டர் போட்டாங்க. நான் வேலை பார்த்தது அங்கே இல்லை. வெளி மாநிலத்துல இருக்கற ஒரு சின்ன கம்பெனிக்கு, திருச்செங்கோட்டு வீட்டுல இருந்தபடியே எட்டு மாசம்.

லாரிக்குக் கட்டம்... அப்புறம்?

முதல் மூணு மாசம் ஜாலிதான். ரோடு போட்டோ வரும். லாரியைச் சுத்தி ஒரு கட்டம், பள்ளத்தைச் சுத்தி ஒரு கட்டம். எங்கப்பா லாரி டிரைவர். பக்கத்துல வந்து எட்டிப் பார்த்துட்டு, ‘‘நான் இருபது வருஷமா ஏறி எறங்குன பள்ளத்தையெல்லாம் நீ உக்காந்த எடத்துலயே தாண்டறியே கண்ணு!’’ன்னு சிரிப்பார்.

நாலாவது மாசம் கியூ மாறிச்சு. யாரும் முன்கூட்டிச் சொல்லலை. காலைல லாகின் பண்ணினா போட்டோவுக்குப் பதிலா தமிழ் எழுத்து. ரெண்டு ரகம். ஒண்ணு... மிரட்டல், ஆபாசம், சாதித் திட்டு. படிச்சுப் பார்த்து எது எந்த ரகம்னு சீட்டு ஒட்டணும். மெஷின் ‘அந்த மாதிரி’ பேசக் கூடாதுன்னா, எது அந்த மாதிரின்னு அதுக்கு யாராவது காட்டணுமே! இன்னொண்ணு... மனசு உடைஞ்சு போன ஒருத்தர் மெஷின்கிட்ட எழுதினதும், அதுக்கு மெஷின் குடுத்த ரெண்டு பதிலும். எது நல்ல பதில்னு மார்க் போடணும். ஷிஃப்டுக்கு 250. ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம்கூடக் கிடையாது.

ஒரு பொண்ணு தனக்கு நடந்த கொடுமையை எழுதியிருப்பா. படிச்சு, சீட்டு ஒட்டி, ‘நெக்ஸ்ட்’ அழுத்தினா அடுத்ததும் அதே மாதிரி. மூணே வாரத்துல ராத்திரித் தூக்கம் போச்சு. செல்போன் அடிச்சாலே நெஞ்சு திக்குங்கும். பஸ்ல பக்கத்து சீட்டுல ஒரு ஆள் உக்காந்தா எழுந்து நின்னுக்குவேன். ‘‘ஏங்கண்ணு, கம்ப்யூட்டர் முன்னால உக்கார்ற வேலைதானே... எதுக்கு இப்படி எளைச்சுப்போற?’’ன்னு அம்மா கேட்டாங்க. பதில் சொல்ல முடியலை. என்.டி.ஏ.ல கையெழுத்து போட்டாச்சே! (கூட்டணி இல்லீங்க... வேலையைப் பத்தி வெளியில மூச்சுவிட மாட்டேன்னு எழுதித் தர்ற ஒப்பந்தம்.)

டீம் லீடர்கிட்ட போன்ல சொன்னேன். ‘‘உனக்கு மனசு வீக்கும்மா’’ன்னார். அவ்ளோதான்.

மனசு வீக்கா, வேலை வீக்கா?

அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தேட வெச்சுது. அப்பதான் தெரிஞ்சுது, வீக்கா இருந்தது நான் இல்லைன்னு!

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனசு அதே இடத்துல மாட்டிக்கிட்டுச் சுத்தறதுக்கு பி.டி.எஸ்.டி.ன்னு பேர். 1980-ல் அமெரிக்க மனநல டாக்டர்கள் தங்களோட கையேட்டுல அதை நோயா சேர்த்தாங்க. அதே கையேட்டோட 2013 பதிப்புல ஒரு விஷயம் தெளிவா இருக்கு. சாதாரணமா டி.வி.ல, சினிமாவுல பார்த்தா அது கணக்குல வராது. ஆனா, வேலைக்காகத் திரும்பத் திரும்ப ஸ்க்ரீன்ல கொடுமைகளைப் பார்க்க வேண்டியிருந்தா அது கணக்குல வரும்! ‘ஸ்க்ரீன்ல பார்த்ததுக்கெல்லாமா...’ன்னு இனிமே யாராவது இழுத்தா, இதைச் சொல்லுங்க.

நான் மட்டுமா? ஃபேஸ்புக்குல வர்ற கொடூர வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நீக்கின அமெரிக்க ஊழியர்கள் மனசு கெட்டுப்போச்சுன்னு வழக்கு போட்டாங்க. 2020-ல் அந்தக் கம்பெனி 5.2 கோடி டாலர் குடுத்து சமாதானம் ஆச்சு. அது அமெரிக்கா. கென்யா கதையைக் கேளுங்க. சாட்ஜிபிடி கண்டபடி பேசாம இருக்கறதுக்காக, வன்முறை, பாலியல் கொடுமை எழுத்துக்களைப் படிச்சு சீட்டு ஒட்டின நைரோபி இளைஞர்களுக்கு மணிக்கு ரெண்டு டாலருக்கும் குறைவாத்தான் கையில கிடைச்சுதுன்னு 2023 ஜனவரியில ‘டைம்’ பத்திரிகை எழுதிச்சு. நாம மெஷின்கிட்ட ‘தேங்க்ஸ்’னு டைப் பண்றோம். அது மரியாதையா ‘வெல்கம்’னு சொல்றதுக்குப் பின்னாடி, ஏதோ ஒரு ஊர்ல தூக்கம் வராம ஒருத்தர் புரண்டு புரண்டு படுத்திருக்கார்.

டிராமா இல்லை... ட்ராமா!

சேலத்துல நர்சிங் படிக்கற ஃப்ரெண்ட் ஒருத்திதான் எனக்கு ‘ட்ராமா இன்ஃபார்ம்டு கேர்’னு ஒண்ணைச் சொன்னா. ‘‘என்னடி டிராமா?’’ன்னு நானும் கேட்டேன். நாடகம் இல்லை... மனக்காயம். உள்ளுக்குள்ள ஒரு காயத்தோட ஒருத்தர் வரலாம்ங்கறதை முதல்லயே மனசுல வெச்சுக்கிட்டு நடந்துக்கறது. ‘உனக்கு என்ன கோளாறு?’ன்னு கேக்காம, ‘உனக்கு என்ன நடந்துச்சு?’ன்னு கேக்கறது. அமெரிக்க அரசோட மனநல அமைப்பான சாம்சா, 2014-ல் இதை ஆறு பாயின்ட்டா எழுதி வெச்சிருக்கு. பாதுகாப்பு, ஒளிவுமறைவு இல்லாத நம்பிக்கை, அதே கஷ்டத்தைப் பார்த்தவங்க துணை, மேல கீழன்னு இல்லாம சேர்ந்து முடிவெடுக்கறது, ‘வேணும், வேணாம்’னு சொல்ற உரிமை, அவங்க பிறந்த ஊர், இனம், பாலினம், வரலாறு எல்லாத்தையும் கணக்குல எடுத்துக்கறது. அவ்ளோதான்!

கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கப்பாவோட முதலாளி. நான் எட்டாவது படிக்கறப்ப, வட இந்தியாவுல ஒரு ரோட்டுல அப்பா வண்டிக்கு முன்னாடி போன பஸ் கவுந்துடுச்சு. உள்ளே இருந்தவங்களை வெளியில இழுத்துப் போட்டது அப்பாவும் கிளீனர் பையனும்தான். திரும்பி வந்தவர் ஸ்டீயரிங்ல கை வைக்க மாட்டேன்னுட்டார். முதலாளி திட்டலை. ‘‘பத்து நாள் வூட்ல இரு’’ன்னார். அப்புறம் வயசான டிரைவர் ஒருத்தரை ஜோடியா அனுப்பினார். அவரும் அந்தக் காலத்துல ஒரு ஆக்சிடென்ட்டைப் பார்த்தவர். ‘‘எந்த லைன்ல போறே, நீயே சொல்லு. அந்த ரோடு வேணாம்னா வேணாம்’’னார். ஆறுல அஞ்சு பாயின்ட் அங்கேயே முடிஞ்சுபோச்சு! அவருக்கு சாம்சாவும் தெரியாது, சமோசாதான் தெரியும். லாரி ஆபீஸ்ல நடந்த அந்த மரியாதை, லேப்டாப் வேலையில ஏன் நடக்கலை?

நாலு பேர், ஒரு மெயில்

என்கூட அதே கியூல இன்னும் மூணு பேர் இருந்தாங்க. ஒருத்தர் ராசிபுரம், ஒருத்தர் எடப்பாடி, இன்னொரு அக்கா குமாரபாளையம். கைக்குழந்தைக்காரங்க. வாரத்துக்கு ஒரு நாள் நாலு பேரும் போன்ல பேச ஆரம்பிச்சோம். என்ன படிச்சோம்னு பேச மாட்டோம், படிச்ச பிறகு எப்படி இருக்குன்னு மட்டும் பேசுவோம். ‘எனக்கு மட்டும்தான் இப்படியா?’ங்கற பயம் முதல் நாளே போயிடுச்சு. தறிப்பட்டறையில வேலை பார்க்கறவங்க வீட்டுக்கு வந்தும் சத்தமாத்தான் பேசுவாங்க, காது அப்படிப் பழகிடும். ‘‘நம்ம மனசுக்கும் அப்படி ஆயிடக் கூடாது கண்ணுங்களா’’ன்னு குமாரபாளையம் அக்கா சொன்னாங்க.

நாலு பேரும் சேர்ந்து கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டோம். அழலை, மிரட்டலை. நாலே கோரிக்கை. அடுத்து வரப்போறது என்ன ரகம்னு முன்னாடியே சொல்லுங்க. ஒரு குறிப்பிட்ட ரகம் வேணாம்னா சம்பளம் பிடிக்காம மாத்திக் குடுங்க. ரொம்ப மோசமான ரகத்துக்கு டார்கெட்டைக் குறைங்க. எங்க ரகசியத்தையும் காப்பாத்தற ஒரு கவுன்சலர்கிட்ட பேசறதுக்கு என்.டி.ஏ. தடையா இருக்கக் கூடாது.

பத்து நாள் கழிச்சு பதில் வந்துச்சு. முதல் ரெண்டும் ஓகே. கவுன்சலர் விஷயம் ‘பரிசீலனையில்’. டார்கெட் மட்டும் அப்படியேதான் இருக்கும்னுட்டாங்க. முழு ஜெயம் இல்லை. ஆனா, சிவப்புக் கலர்ல ஒரு எச்சரிக்கை வந்து, அதுக்குக் கீழ ‘வேணாம்’னு ஒரு பட்டன் வந்த அன்னிக்கு ராத்திரி, ரொம்ப நாளைக்குப் பிறகு தூங்கினேன். அந்தப் பட்டனை நான் அழுத்தினது ரெண்டே தடவைதான். அழுத்தறதைவிட, அழுத்தலாம்ங்கறதுதான் பெருசு!

‘நான் எப்பவும் இருக்கேன்’... பொய்யி!

இப்ப மெஷின் பக்கம் வருவோம். ‘பேசறதுக்கு எனக்கு யாருமே இல்லை’ன்னு ஒருத்தர் எழுதினதா வெச்சுக்கங்க. பதில் ஒண்ணு: ‘கவலைப்படாதீங்க, நான் எப்பவும் உங்ககூட இருக்கேன்! இதோ பத்து வழிகள்...’ பதில் ரெண்டு: ‘தனியா இருக்கறது கஷ்டம்தான். இதைப் பத்தியே பேசலாமா, இல்லை வேற ஏதாவது பேசலாமா? நான் ஒரு மெஷின்தான். உங்க பக்கத்துல நீங்க நம்பற ஒரு ஆள் யாராவது இருக்காங்களா?’

எங்களுக்குக் குடுத்த ஷீட்படி, நீளமா, அன்பா இருக்கறதுக்குத்தான் மார்க். நான் ரெண்டாவதுக்குப் போட்டு, காரணமும் எழுதினேன். கரன்ட் போனா, நெட் பேக் தீர்ந்தா மெஷின் இருக்காது. ஏற்கெனவே ஏமாந்தவங்ககிட்ட நிறைவேத்த முடியாத சத்தியம் பண்றது இன்னொரு காயம். என்னோட குவாலிட்டி ஸ்கோர் குறைஞ்சுது. குறையட்டும்னு விட்டுட்டேன்.

இது சின்ன விஷயம் இல்லீங்க. தன்னோட வார வாடிக்கையாளர்கள்ல 0.15 சதவீதம் பேரோட பேச்சுல தற்கொலை எண்ணத்துக்கான வெளிப்படையான அறிகுறி இருக்குன்னு சாட்ஜிபிடி கம்பெனியே 2025 அக்டோபர்ல சொல்லிச்சு. 0.15தானேன்னு நினைக்காதீங்க. அப்ப வாரத்துக்கு 80 கோடி பேருக்கு மேல அதை உபயோகிச்சாங்க. கணக்குப் போட்டா வாரத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும்! அவங்களுக்கு மெஷின் என்ன சொல்லணும்ங்கறதைத்தான், ரெண்டு நிமிஷத்துக்கும் குறைவான நேரத்துல, தூங்காத கண்ணோட ஒருத்தர் மார்க் போட்டு முடிவு பண்றாங்க.

ஆறாவது பாயின்ட்டையும் சொல்லிடறேன். 2015 ஜூன்ல ஓமலூரைச் சேர்ந்த தலித் இன்ஜினீயர் கோகுல்ராஜ், தோழியோட எங்க ஊர் மலைக்கோயிலுக்கு வந்தப்ப கடத்தப்பட்டார். பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்துல அவர் உடல் கிடைச்சுது. 2022-ல் பத்து பேருக்கு ஆயுள் தண்டனை கிடைச்சுது. அப்படி ஒரு மண்ணுல வளர்ந்த பையன்கிட்ட சாதித் திட்டைக் குடுத்து ‘ரகம் பிரி’ன்னா, அது அவனுக்கு வெறும் டேட்டா கிடையாது. ஆனா, எந்தச் சொல் யாரைக் குத்தும்னு சரியாத் தெரிஞ்சவனும் அவன்தான். அதனால அவனை ஒதுக்க வேணாம். அவன்கிட்ட கேட்டுட்டுக் குடுங்க. அவன் சொல்றதை ஷீட்ல எழுதுங்க. சேர்ந்து முடிவெடுக்கறதுன்னா அதுதான்.

கேளுங்க, தப்பில்லை!

இந்த வேலையே வேணாம்னு நான் சொல்லலை. கௌரவமான வேலை, நாலு காசு வரும், ராத்திரி அம்மா கையால சாப்பிடலாம். இன்டர்வியூல சம்பளம் கேக்கறப்ப இதையும் சேர்த்துக் கேளுங்கன்னுதான் சொல்றேன். என்ன மாதிரி டேட்டா வரும்? கியூ மாறினா முன்னாடியே சொல்வீங்களா? வேணாம்னு சொல்லலாமா? ஒரு மணி நேரத்துக்கு எத்தனை? யார்கிட்ட பேசலாம்? கேட்டா வேலை கிடைக்காதோன்னு பயப்படாதீங்க. பதில் சொல்லத் தயங்கற கம்பெனின்னா, அந்தத் தயக்கமே ஒரு பதில்தானே!

ஏற்கெனவே இந்த வேலையில இருந்து தூக்கம் போன ஃப்ரெண்ட்ஸுக்கு... மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச டெலி மானஸ் இருக்கு. நம்பர் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். போன் எடுக்கறது மனுஷங்க.

கத்துக்குடுக்கறவங்களை நாம எப்படி நடத்தறோமோ, அதைத்தான் கடைசியில மெஷினும் கத்துக்கும். விரட்டி விரட்டி வாங்கின ஆறுதல்ல எவ்வளவு ஈரம் இருந்துடப் போகுது? நீங்களே சொல்லுங்க!