அகப்பட்ட காற்று

இரு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சூளையில் 800 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால் அவை இளகி ஒன்றாகிவிடும். ஊதுகுழலுக்கு அங்கே வேலையில்லை. மண்ணால் உருவான மனிதன் இறைவன் ஊதிய மூச்சால் உயிர்பெற்றான் என்று தொடக்கநூலில் வாசிக்கிறோம். நமது சூளையிலோ உள்ளே தங்கும் காற்றுதான் தொல்லை.

தகடுகள் எத்துணை சமமாயிருப்பினும் அவற்றிடையே மெல்லிய இடைவெளி உண்டு. சூடு விரைந்து ஏறினால் ஓரங்கள் முதலில் ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் நின்ற காற்றுக்கு வாசல் அடைபடுகிறது. வெப்பத்தை இன்னும் கூட்டினால் அது வெளியேறிவிடும் என்று எண்ணுவோர் பலர். அது வெளியேறுவதில்லை, விரிகிறது. மேல்தகட்டை மெலியச் செய்து, வெடித்துப் பள்ளமாகிறது. அப்பள்ளத்தின் விளிம்பு விரலைக் கிழிக்கும்.

ஆகவே, ஏறக்குறைய 650 பாகையில் சூளையை அரைமணி முதல் ஒரு மணி வரை அப்படியே நிறுத்துகிறோம். அந்த வெப்பத்தில் கண்ணாடி ஓடாது. தளர்ந்து படியும், அவ்வளவே. படியப் படியக் காற்று ஓரத்தை நோக்கி நகர்ந்து போய்விடும். மூலைகளில் சிறு சில்லுகளை வைத்து மேல்தகட்டைச் சற்றே உயர்த்துவதும், இடையில் கண்ணாடித் தூளைத் தூவுவதும் அதற்கு வழிவிடவே. சூளைத் தட்டில் பூசிய பூச்சு ஈரமாயிருந்தால் கீழிருந்தும் குமிழி எழும். அதை முன்னரே உலர்த்திவிட வேண்டும்.

குமிழியெல்லாம் குற்றமென்று நாம் சொல்லோம். பிரான்சு நாட்டுச் சார்த்ர் பேராலயத்தின் 12, 13ஆம் நூற்றாண்டுச் சாளரக் கண்ணாடியிலும் குமிழிகள் உண்டு. அவை உருகிய குழம்பிலேயே தங்கியவை. ஒளியைச் சிதறடித்து நிறத்துக்கு உயிரூட்டுகின்றன.

சென்ற ஆண்டு ஒரு தந்தை, மகளின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கென்று புறா பதித்த சிறு பலகை கேட்டிருந்தார். மறுநாள் மாலை திருப்பலி. சூளை 650இல் நின்றுகொண்டிருந்தது.

"அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடலாகாதா, ஐயா?" என்றார்.

நாம் இசையவில்லை, நாற்காலி ஒன்று போட்டோம். அமர்ந்து செபமாலையை எடுத்தார். பின்னர் 800, அதன்பின் இரவெல்லாம் மெல்லக் குளிர்ச்சி. விரைந்து ஆறினால் கண்ணாடி விரிசல் விடும்.

மறுநாள் நண்பகலில் பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிறகோரத்தில் கடுகளவு குமிழி ஒன்று இருந்தது. விரலால் தடவினார்.

"இது இருக்கட்டும்" என்றார். பலகையைத் துணியில் பொதிந்துகொண்டு கோவிலுக்கு நடந்தார்.