ஐந்து அம்மன்கள் குடிபெயர்ந்த ஊர்

கடலுக்குள் ஓர் அடிபம்பு நிற்கிறது. அலை வரும்போது கைப்பிடி மட்டும் தெரிகிறது. அலை வடிந்தால் துருப்பிடித்த குழாய் தெரிகிறது. வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் மதுரைக்காரன் நான். ஊரையே கடல் கொண்டுபோகும் என்பதைச் சங்கக் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன். ஒடிசாவில், சதபாயா கடற்கரையில், அதைக் கண்ணால் பார்த்தேன்.

சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் கட்டக். அங்கிருந்து கேந்திரபாடா, ராஜ்நகர் என்று சாலைப் பயணம். வழியெல்லாம் நெல்வயல், தென்னை, வீட்டுக்கு வீடு குளம். தஞ்சாவூர்ப் பக்கம் போவது போலவே இருக்கிறது. பித்தர்கனிகா வந்ததும் அந்த எண்ணம் போய்விடும். அலையாத்திக் காட்டுச் சேற்றில் உப்புநீர் முதலைகள் வாயைப் பிளந்தபடி வெயில் காய்கின்றன.

எனக்கு வழிகாட்டிய இளைஞர் கேரளத்தின் பெரும்பாவூரில் பிளைவுட் ஆலையில் வேலை பார்த்தவர். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு ஒடியா வராது. மலையாளம் எங்கள் இருவரையும் காப்பாற்றியது. “சேட்டா, இவிடே ஏழு ஊர் இருந்தது” என்று கடலைக் காட்டினார். ஏழில் ஐந்தைக் கடல் முதலிலேயே விழுங்கிவிட்டது. மிச்சமிருந்த சதபாயா, கான்ஹுபூர் மக்கள் வீட்டைப் பிரித்துப் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். கடல் அங்கும் வந்தது.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. வங்கக் கடலின் இந்தக் கரையோரம் மணல், ஆண்டின் பெரும்பகுதி, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் துறைமுகச் சுவர் எழும்பினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பட்ட பாடு இதுதான். புதுச்சேரியும் இப்படித்தான் மணலை இழந்தது. சதபாயாவுக்குத் தெற்கே 1966இல் பாராதீப் துறைமுகம் வந்தது. மகாநதியில் கட்டிய அணைகளோ கடலுக்கு வர வேண்டிய வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. புயல்களும் தம் பங்குக்கு அடிக்கின்றன.

அதே வட்டாரத்தில் பெந்தா என்ற கிராமத்தில் கடலை எதிர்த்து நிற்கிறார்கள். மணல் நிரப்பிய ராட்சதத் துணிக் குழாய்களை அடுக்கி 505 மீட்டருக்கு அரண் கட்டியிருக்கிறார்கள். அதை வடிவமைத்தது சென்னை ஐ.ஐ.டி. என்று கேட்டதும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கரை முழுவதற்கும் இப்படிச் சுவர் எழுப்ப முடியாது. சதபாயா விஷயத்தில் ஒடிசா அரசு ஊரையே நகர்த்த முடிவு செய்தது. உள்ளே தள்ளி பாகபாட்டியாவில் 571 குடும்பங்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். ஆளுக்குப் பத்து டெசிமல் மனை, நம் கணக்கில் பத்து சென்ட். வீடு கட்ட ஒன்றரை லட்சம் ரூபாய்.

மக்கள் புறப்பட்டால் சாமி? சதபாயாவின் தெய்வம் பஞ்சுபாராஹி, ஐந்து அம்மன்கள். பூசை செய்பவர்கள் மீனவக் குடும்பத்து மணமான பெண்கள். ஆண்கள் சிலையைத் தொடக் கூடாது. மீனாட்சி ஆளும் ஊர்க்காரனுக்கே இது வியப்பு. எங்கள் கோயிலிலும் கருவறைக்குள் போவது பட்டர்தானே! 2018 ஏப்ரலில் சிலைகளைப் புதுக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தபோது, அந்தக் கனத்தைப் பெண்கள் மட்டும் தூக்க முடியவில்லை. வேறு வழியின்றி ஆண்களும் கை கொடுத்தார்கள். காலங்காலமாக யாரும் மீறாத கட்டுப்பாட்டைக் கடல் தளர்த்தியது. பூசை உரிமை மட்டும் இன்றும் பெண்களிடம்தான்.

பாகபாட்டியாவில் சாலை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. இரவில் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றார் ஒரு பாட்டி. “வீடு கிட்டி, வயல் கிட்டியில்ல” என்றார் இளைஞர். குடியிருக்க மனை தந்தார்கள், உழுது பிழைக்க நிலம் தரவில்லை. அதனால் ஆண்கள் கேரளத்துக்கு ரயில் ஏறுகிறார்கள். கடலிடமிருந்து காப்பாற்றிய ஊரில் ஆண்கள் பலர் இல்லை.

திரும்பும் ரயிலில் தனுஷ்கோடிதான் நினைவில் ஓடியது. 1964 டிசம்பரில் ஒரே இரவில் போன ஊர் அது. சதபாயாவுக்குக் கடல் பல பத்தாண்டுகள் அவகாசம் கொடுத்தது. நமக்கும் இப்போது அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், ஒடிசாக் கரையில் 25.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளானது என்கிறது. தமிழகக் கரையில் அது 42.7 சதவீதம்.

ஆகவே கரையில் கல்லைக் கொட்டுவதோடு நம் வேலை முடியாது. அரிக்கும் கரை எது, சுவர் எங்கே உதவும், எந்த ஊர் நகர வேண்டும் என்பதை இப்போதே ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும். நகர வேண்டியவர்களுக்கு மனைப் பட்டாவோடு படகு நிறுத்தவும் வலை காயப்போடவும் இடம் எழுதித் தர வேண்டும். பிழைப்புக்கு வழி சொல்லாத மறுகுடியமர்வு பாதித் திட்டம்தான்.