கழுவுற கை

என் மகனுக்கு ஏழு வயசு முடியுறவரைக்கும் வெளிக்கி வந்தா சொல்லத் தெரியாது. பேச்சும் கெடையாது. ஆட்டிசம்னு சொன்னாங்க. 1995 ஊனமுற்றோர் சட்டத்துல அந்தப் பேரே இல்ல. 2016 சட்டம் வச்ச 21 பேருல அதுவும் ஒண்ணு. ராசிங்காபுரத்துல எங்க தெருவுல வச்ச பேரு வேற: "பேண்டுக்கிட்டே திரியிற பய."

பள்ளிக்கூடத்துல சேத்த மூணாம் நாளு டவுசரோட இருந்துட்டான். ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. தரை, வராண்டா எல்லாம் நான்தான் கழுவினேன். "ஒங்களுக்குப் பழகின வேலதானம்மா" என்றார் ஒரு வாத்தியார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பழகின வேலதான். என் மாமியார் எடுப்புக் கக்கூசுல தகரமும் கூடையும் வச்சு அள்ளினவங்க. அதத் தடுக்க 1993-ல ஒரு சட்டம், 2013-ல இன்னொரு சட்டம். ஊரு பீயை அள்ளின அந்தப் பொம்பளைக்கு, சொந்தமா ஒரு கக்கூசு அறுபது வயசுக்கு மேலதான் கெடச்சது. தூய்மை இந்தியா திட்டத்துல 12,000 ரூபாய்க்குக் கட்டினது. அதுவரைக்கும் ஓடக்கரைதான், இருட்டுலதான்.

அந்தக் கக்கூசுக்குள்ள பிள்ள காலெடுத்து வைக்கல. தகரக் கதவு படபடங்குது, உள்ள இருட்டு, தண்ணி ஊத்தினா சத்தம். காதப் பொத்திக்கிட்டுக் கத்துவான். நாள்கணக்கா அடக்குவான், கல்லா எறுகிப்போகும். நானும் அடிச்சிருக்கேன். மறைக்க வேண்டியதில்ல.

சிறப்பாசிரியை ஒருத்தவங்க வழி சொன்னாங்க. 1971-ல அமெரிக்காவுல அஸ்ரின், பாக்ஸ்னு ரெண்டு பேரு ஒரு முறை எழுதினாங்களாம். நெறையக் குடிக்கக் குடு, அரை மணிக்கொரு தடவ உக்கார வை, இருந்தா பரிசு குடு. தப்பினா பிள்ளையவே சுத்தம் பண்ண வைங்கிறதும் அதுல இருக்கு. "அந்தத் தண்டனைய விட்ருங்க" என்றார் அவர். கழுவுறதத் தண்டனையா வைக்கிறது வெளிநாட்டுலயும் உண்டான்னு நெனச்சுக்கிட்டேன்.

விடியுமுன்ன ஜீப்பு வந்துரும். போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துல காயெடுக்கிற எனக்கு அரை மணிக்கொரு தடவ எங்க? தோட்டத்துல நாங்களே ஒதுங்க எடமில்லாம பொழுதெல்லாம் அடக்குறவங்க. ரெண்டு மாசம் மலைக்குப் போகல. வாங்கின முன்பணம் கடனா ஏறிச்சு. அப்புறம் அத்தைதான் பாத்தாங்க.

கதவைக் கழட்டிப்போட்டுச் சேலை கட்டினாங்க. காலு சில்லுன்னு படாம சாக்கு விரிச்சாங்க. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துல வயிறு தானா அசையும். அந்த நேரம் பாத்துத் தெனமும் உக்கார வச்சாங்க. சுடுதண்ணி, வாழப்பழம். போனா ஒரு துண்டு வெல்லம். போகலைன்னா ஒண்ணும் சொல்றதில்ல.

"ஏன்த்தே, ஆயுசெல்லாம் இதத்தான செஞ்சீக, அலுக்கலையா?"

"அது எவன் பீயோ. அள்ளலைன்னா சோறில்ல. இது என் பேரன். அவனே கழுவிப் பழகிட்டா எவளும் அவனுக்கு அள்ள வேணாம்ல."

எட்டாம் மாசம், நடுமதியம், செம்பத் தூக்கிட்டு வந்து அவுக கையில வச்சான். அதுதான் அவன் சொன்ன முதல் சொல்லு.

இப்ப அவனே கழுவிக்கிறான். ராத்திரியில சில நாள் நனைக்கத்தான் செய்றான். பள்ளிக்கூடத்துக்கு மறுபடி கூட்டிட்டுப் போனேன். "திரும்பவும் அப்படி ஆச்சுன்னா?" என்று கேட்டார்கள்.

"ஆகலாம். ஆனா கழுவ நான் வரமாட்டேன் சார். எல்லாப் பிள்ளைக்கும் என்ன செய்வீங்களோ, அதச் செய்யுங்க" என்றேன்.