ஒரு திருகாணி

சென்ற கோடை விடுமுறையில், புதுவை மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறுங் கூடும் சந்தையில், யான் 3,500 ரூபாய் கொடுத்து ஒரு மடிக்கணினி வாங்கினேன். ஊரார் அச்சந்தையைச் 'சண்டே மார்க்கெட்' என்றே வழங்குவர். பழந்துணிக் குவியல்களுக்கும், ஓடாத கைக்கடிகாரங்களுக்கும், அட்டை கிழிந்த ஆங்கில நாவல்களுக்கும் நடுவே, ஒரு கோணியின்மேல் அது கிடந்தது. திரையின் அளவு பதினோரங்குலத்திற்குச் சற்று மிகுதி. நினைவகம் 2 ஜி.பி.; சேமிப்பிடம் 16 ஜி.பி. இக்காலத்துக் கைப்பேசியும் அதனைக் கண்டு நகைக்கும். "ஓடுமா, ஐயா?" என்று வினவினேன். "இப்போது ஓடும், தம்பி, வீட்டிற்குச் சென்றபின் வந்து கேட்கலாகாது" என்றார் விற்றவர். பேரம் பேசத் தெரியாத எனக்கு அந்நேர்மையே போதுமானதாயிருந்தது.

கணினி எதற்கு என்று நண்பர்கள் வினவலாம். எங்கள் வீடு குருசுக்குப்பத்தில் உள்ளது. 'குருசு' என்பது சிலுவையைக் குறிக்கும் போர்த்துக்கேசியச் சொல் வழியாக நம்மொழியிற் புகுந்தது. 'குப்பம்' கடலோரத்தாரின் சொந்தச் சொல். பிரெஞ்சுக்காரர் கட்டிய நேர்வீதிகள் முடியுமிடத்தில், வடக்கே, எங்கள் சந்துகள் தொடங்குகின்றன. எங்கள் வீட்டிற்கு நான்கு வீடு தள்ளி ஒரு முதியவர் உளர். மீன்பிடி தொழிலை விட்டுப் பல்லாண்டுகள் ஆயின. எனினும் மாலைதோறும் திண்ணையிலமர்ந்து பிறர் வலைகளைச் செப்பனிடுவார். நான் அவரைத் தாத்தா என்றே அழைப்பேன். ஒருநாள் அவர் பேரனை நோக்கி, "கொண்டல் திரும்பிவிட்டது, பார்" என்றார். நான் திடுக்கிட்டு நின்றேன். கீழ்க்காற்றினைக் கொண்டல் என்று நிகண்டில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றவன் யான். அச்சொல்லை ஒருவர் வாயிற் கேட்டது அதுவே முதன்முறை. படகின் முன்புறத்திற்கு அணியம் என்கிறார். மேற்கிலிருந்து வீசுவது கச்சான். இவற்றையெல்லாம் திரட்டிச் சிறப்புநிலை வகுப்பின் ஆய்வேட்டிற்குப் பொருளாக்கலாமென்று ஆசிரியர் ஒப்பினார். கைப்பேசியிற் பதிவு செய்து, கேட்டெழுதி, சொற்பட்டி ஆக்குவதற்கே அக்கணினி.

வீட்டிற்கு வந்து திறந்தபின்னரே அதன் குணம் தெரிந்தது. அது 'குரோம்புக்' என்னும் இனத்தது. 2011இல் முதன்முதல் விற்பனைக்கு வந்த இவ்வினக் கணினிகளில் இணைய உலாவியே ஏறக்குறைய அனைத்தும். இணையமின்றேல் கை கட்டி நிற்கும். எங்கள் விடுதியில் இணையத்தின் நிலையைப் படிப்போர் அறிவர். அன்றியும், இவ்வினத்தில் ஒவ்வொன்றிற்கும் ஓர் ஆயுள் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாள் கடந்தபின் இயங்குதளத்திற்குப் புதுப்பித்தல் வாராது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் கூகிள் நிறுவனத்தார் அவ்வாயுளைப் பத்தாண்டாக உயர்த்தினர். 2014இல் பிறந்த என் கணினி அதற்கு முன்னரே மூப்பெய்திவிட்டது. விசைப்பலகை செவ்வையாக இருந்தது; மின்கலம் ஐந்து மணி நேரம் தாங்கிற்று; ஆயினும் கல்லூரியின் இணையதளமே, 'உமது உலாவி பழையது' என்று வாயிலை அடைத்தது.

நேரு வீதிப் பக்கத்துக் கடையொன்றில் 300 ரூபாய்க்கு விண்டோஸ் 'போட்டுத்' தருவதாகக் கூறினர். அஃது உரிமம் பெறாத படி என்பதை அவர் மறைக்கவுமில்லை. பழைய துருத்தியிற் புதிய திராட்சரசத்தை வார்ப்பது பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிற் பயின்றவன் யான். திருடிய ரசமாயிருப்பின் துருத்தியைப் பற்றிப் பேசவே இடமில்லை. நல்வினையாக, உலகில் வேறொன்றுளது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டமும், ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினசு டோர்வால்ட்சு 1991இல் வெளியிட்ட லினக்சும் சேர்ந்த இயங்குதளத்தை எவரும் பெறலாம், ஆராயலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். தமிழில் இதனைக் கட்டற்ற மென்பொருள் என்பர். 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழில் யான் இதுபற்றிப் படித்திருந்தேன். என் தந்தையார்மட்டும் இரண்டு நாள் ஐயுற்றார். "செய்தவனே போடாததை நீ போட்டால், அது முறையா?" என்றார். பொருள் என்னுடையது, மென்பொருளோ வழங்கியவர் மனமுவந்து வழங்கியது என்று விளக்கினேன். "கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்தார்.

குரோம்புக் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும், தன்னுள் இருக்கும் இயங்குதளம் செய்தவர் முத்திரையுடன் பிறழாது இருக்கிறதா என்று ஆராய்ந்த பின்னரே மேற்செல்லும். பிறிதொன்றை ஏற்ற வேண்டுமாயின், 'உருவாக்குநர் முறை' என்பதற்கு அதனை மாற்ற வேண்டும். அது முதல், திறக்குந்தோறும் ஒரு வெண்திரை தோன்றி, சரிபார்த்தல் நிறுத்தப்பட்டுள்ளது, மீண்டும் தொடங்க இடைவெளி விசையை அழுத்துக என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கும். அரை நிமிடம் பொறுத்தால் இருமுறை ஒலியெழுப்பித் தானே வழிவிடும். பொறாதவர் கண்ட்ரோல் விசையையும் டி என்னும் எழுத்தையும் சேர்த்து அழுத்துவர். இந்நிலையில் குரூட்டன் என்னுங் கருவியைக்கொண்டு, பழைய இயங்குதளத்தின் உள்ளேயே ஓர் அறை வகுத்து, அதில் உபுண்டுவைக் குடியேற்றினேன். இஃது எவருடைய அதிகாரபூர்வ ஏற்பாடுமன்று. ஆயினும் லிப்ரே ஆபிசு திறந்தது. தமிழ் எழுத்துக்கள் ஒழுங்காக நின்றன.

தமிழ்99 விசைப்பலகையைப் பற்றி ஒரு சொல் கூறாமற் செல்ல மனமில்லை. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின்பின் தமிழக அரசு ஏற்ற முறை அது. உயிரெழுத்துக்கள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்குமாக அமைந்தவை. தகரத்தை இருமுறை அழுத்தினால் முதலாவது தானே புள்ளி பெற்றுத் 'த்த' என்றாகும். நகரத்தையடுத்துத் தகரத்தை அழுத்தினால் 'ந்த' ஆகும். மெல்லினத்திற்கு இனமான வல்லினம் எதுவென்று இலக்கண ஆசிரியர் பிரம்பெடுத்துக் கற்பித்ததனை அவ்விசைப்பலகை முன்னமே அறிந்திருக்கிறது! இரண்டு வாரத்தில் என் விரல்கள் பழகிவிட்டன.

தாத்தாவின் பேச்சு ஏறக்குறைய நான்கு மணி நேரம் சேர்ந்தது. கைப்பேசியில் இடமில்லாமையால், பதிவுகளைக் கணினிக்கு மாற்றியவுடன் அதிலிருந்து நீக்கிவிடுவேன். சொற்பட்டியில் 312 சொற்கள் ஏறின. இவற்றிற்கு வேறொரு படி எடுத்து வைக்க வேண்டுமென்று ஒவ்வோர் இரவும் எண்ணினேன், எண்ணியதோடு சரி.

ஒரு ஞாயிறு மாலை ஆராதனைக்குச் சென்று திரும்பினேன். பத்தாம் வகுப்பிற் படிக்கும் என் தங்கை கணினியின் முன் அமர்ந்திருந்தாள். திரையில், புதிதாக வாங்கியவனை வரவேற்பது போன்ற 'நல்வரவு' மின்னிற்று. அவள் ஆங்கிலத்தைப் படித்துப் பொருளுணர்ந்ததில் பெருமையுற்று, "ஏதோ பிழை என்று வந்தது, அண்ணா. இடைவெளி விசையை அழுத்தச் சொல்லிற்று. பிறகு என்டரை அழுத்தச் சொல்லிற்று. சரிசெய்துவிட்டேன்" என்றாள். அவ்விரு விசைகளையும் அழுத்தினால், கணினி பழைய முறைக்கு மீளும். மீளும்பொழுது உள்ளே உள்ளதனைத்தையும் துடைத்துவிடும். பாதுகாப்புக் கருதி அங்ஙனம் அமைத்துள்ளனர். உபுண்டுவின் அறை போயிற்று. 312 சொற்கள் போயின. நான்கு மணி நேரக் குரலும் போயிற்று.

யான் அவளை என்ன சொன்னேன் என்பதை இங்கெழுத நாணுகிறேன். அன்னையார் அடுப்படியிலிருந்து வந்து, "அதில் எழுதியிருந்ததைத்தானே செய்தாள்? தொடாதே என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தாயா?" என்றார். சொல்லியிருக்கவில்லை. வாசலில் மின்கம்பியை அறுத்துத் தொங்கவிட்டவன் யான், நடந்தவளை நொந்துகொண்டேன்.

மறுநாள் தாத்தாவிடம் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் வலையூசியைக் கீழே வையாமலே நகைத்து, "போனால் போகிறது, இன்னொரு தரம் சொல்லுகிறேன்" என்றார். சொன்னார், மூன்று மாலைகள் சொன்னார். ஆனால், முன்பு பேரனிடமும் பக்கத்து வீட்டாரிடமும் பேசியதை யான் அருகிருந்து பதிந்தேன். இம்முறை அவர் என் கைப்பேசியை நோக்கிப் பேசினார். அணியம் என்னுமிடத்தில் 'முன்பக்கம்' என்றார். கச்சான் என்னுமிடத்தில் 'மேற்குக் காற்று' என்றார். கல்லூரியிற் படிக்கிற பிள்ளைக்குப் புரியும்படி திருத்தமாகச் சொல்லவேண்டும் என்பது அவர் அன்பு. அவ்வன்பே என் ஆய்வினைக் கெடுத்தது. மூன்று மாலைகளின் முடிவில், கையேட்டில் முன்னரே குறித்திருந்தவற்றையும் சேர்த்து 140 சொற்களே தேறின. அதன்பின் கைப்பேசியைச் சட்டைப்பையினின்றும் எடுக்காமல், அவருக்கு நூல் சுற்றிக்கொடுத்துக்கொண்டு அமர்ந்திருக்கலானேன். கேட்டவற்றை இரவில் எழுதினேன்.

இனி அவ்வெண்திரை என் வீட்டிற் தோன்றலாகாது என்று உறுதிகொண்டேன். அதற்கு ஒரே வழி, கணினியின் தாய்ப்பலகையிலுள்ள அடிப்படை மென்பொருளையே மாற்றுவது. 1999இல் தொடங்கிய கோர்பூட் என்னும் கட்டற்ற திட்டத்தின் வழிவந்த நிரல் அதற்குளது. செய்தவர் தம் குரோம்புக்குகளில் வைத்ததும் அதன் வழிவந்ததே. ஆனால் அந்நிரல் இருக்குஞ் சில்லின்மேல் எவரும் எழுதாவண்ணம் ஒரு காவல் வைத்துள்ளனர். அக்காவல் யாதெனின், ஒரு திருகாணி! அதன் தலை பலகையிலுள்ள இரு செப்புத் துண்டுகளை இணைத்து நிற்கும்வரை சில் பூட்டுண்டிருக்கும், கழற்றினால் திறக்கும். பிற்காலத்துக் கணினிகளில் வேறு முறை வந்துவிட்டது; என்னுடையதில் திருகாணியே.

தங்கையை அழைத்தேன். ஒரு வாரம் என்னோடு பேசாதிருந்தவள், கைவிளக்கைப் பிடித்துக்கொள்ள இசைந்தாள். அடிமூடியைக் கழற்றினோம். உள்ளே ஒன்பது திருகாணிகள் தோன்றின. எது காவலன் என்று எனக்கு விளங்கவில்லை. "இது ஒன்றின் கீழேமட்டும் வளையம் இரண்டாகப் பிளந்திருக்கிறது, அண்ணா" என்று அவளே காட்டினாள். அதுவே. கழற்றி அவள் கையில் வைத்தேன். முதலிற் பழைய நிரலை ஒரு பென்டிரைவிற் படியெடுத்தேன். அதனை மற்றொன்றிலும் படியெடுத்தேன். பின்னர்ப் புதியதை எழுதத் தொடங்கினேன். இடையில் மின்சாரம் அற்றுப்போயின் கணினி செங்கல்லாகிவிடும் என்பது இத்தொழிலாரின் வழக்கு. மின்கலம் இருந்ததாயினும், அச்சில நிமிடங்களில் அன்னையாரை மின்விசிறியின் விசையைக்கூடத் தொட விடவில்லை. முடிந்தது. வெண்திரை வரவில்லை. அன்றிரவே டெபியன் 12 ஏறிற்று.

கடலூரிலுள்ள என் அத்தை மகன் இதைக் கேட்டு வியந்தான். அவனுடைய அண்ணன், 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் விலையில்லா மடிக்கணினி பெற்றவர். அதில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்சும் இருந்தது. அரசே முத்திரையிட்டு அளித்த அதனை ஒருநாளும் திறந்ததில்லை என்று அண்ணன் ஒப்புக்கொண்டார். எவரும் முத்திரையிடாத என்னுடையதோ நாள்தோறும் உழைக்கிறது. புதுவையார்க்கு இது புதுமையுமன்று. 1954 அக்டோபரில் கீழூரில் 178 பேர் கூடி வாக்களிக்க, 170 பேர் இந்தியாவோடு இணைய விழைந்தனர். நவம்பர் 1 முதல் ஆட்சி கைமாறிற்று. ஆனால் சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்டு 16இலேதான். இடைப்பட்ட காலத்தில் எங்கள் பாட்டனார் எந்நாட்டில் மீன் வாங்கி உண்டார் என்பதற்கு வழக்கறிஞர்களே விடை கூற வேண்டும்.

டெபியனில் ஒரு குறை இருந்தது. கணினி ஊமையாயிற்று. இவ்வினக் கணினிகளின் ஒலியமைப்பு தனித்தன்மையது. அதற்குரிய அமைப்புக் கோப்புக்களை இட்டாலன்றி லினக்சில் ஒலி பிறவாது. கேட்டெழுதவென்றே வாங்கிய பொருள் பேசாதிருந்தது. நான்கு இரவுகள் முயன்றேன். ஐந்தாம் இரவு, விடுதியில் என் அறை நண்பன் தன் கைப்பேசியைத் துழாவி, "உன் தாத்தா பேசியதை ஒருமுறை எனக்கு அனுப்பினாயே, இதோ இருக்கிறது" என்றான். நாற்பது நொடிப் பதிவு; அழிந்த நான்கு மணி நேரத்தில் எஞ்சியது அவ்வளவே. கோப்புக்களைச் சரிசெய்து, அதனையே முதலில் ஓட்டினேன்.

அலையோசை கேட்டது. பிறகு வலையூசி திண்ணையில் தட்டும் ஒலி. "கொண்டல் திரும்பிவிட்டது, பார், இனி அணியத்தை" என்று அவர் பேரனிடம் தொடங்குகிறார். அவ்விடத்தில், "என்ன சொன்னீர்கள், தாத்தா?" என்று என் குரல் குறுக்கிடுகிறது. அவர் நிறுத்திவிடுகிறார். பதிவு முடியும்வரை அலையோசைதான்.